ஒரே காலணிக்கு 24 முகவரியா?

ஆம்பூர்க் காலணிகளை இணையத்தில் விற்கும் தளம் தோல், நிறம், அளவு, வடிவம் எனக் குறிச்சொற்களால் வடிகட்டும். அவற்றை முகவரியில் சாய்கோட்டால் அடுக்கினால் ‘ஆட்டுத்தோல்/கறுப்பு’ ஒரு முகவரி, ‘கறுப்பு/ஆட்டுத்தோல்’ வேறொன்று. உள்ளே இருப்பதோ அதே காலணிகள். நான்கு குறிச்சொற்களை 24 விதமாக அடுக்கலாம். தேடுபொறி அத்தனையையும் தனித்தனிப் பக்கமாக எண்ணி வீணாக அலையும்.

ஏன் இப்படி? சாய்கோடு ஒன்றுக்குள் ஒன்று அடங்குவதைக் காட்டுவது. நிறத்துக்குள் தோல் அடங்காது, தோலுக்குள் நிறமும் அடங்காது.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், சென்னைப் பல்கலைக்கழக நூலகராக 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்புமுறை இதே சிக்கலை நூல்களில் தீர்த்தது: ஒரு நூலுக்குப் பல முகங்கள், ஆனால் எழுதும் வரிசை துறைதோறும் விதிக்கப்பட்டது. எவ்வளவு தெளிவான சிந்தனை! தளத்திலும் முதன்மைப் பிரிவான தோல் வகை மட்டும் முகவரியின் பாதையில் இருக்கட்டும்; மற்றவை அதே முகவரியில் கேள்விக்குறிக்குப் பின். வாங்குபவர் எதை முதலில் தேர்ந்தாலும் தளமே அவற்றை ஒரே வரிசைக்குக் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் கேள்விக்குறிக்குப் பின்னும் இதே குழப்பம்தான்.