டான் இயோக் நீ மாளிகை: குடும்பம் நீங்கிய குடும்ப மனை

சிங்கப்பூரில் தியோச்சியூ வணிகர் நால்வர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுப்பிய மாளிகைகள் 'நான்கு பெருமனைகள்' என வழங்கப்பட்டன. அவற்றுள் இன்று எஞ்சியிருப்பது டான் இயோக் நீ மாளிகை ஒன்றே. 1885இல் கட்டி முடிக்கப்பட்ட இது, 1974 நவம்பர் 29 அன்று தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. நான்கனுள் இது மட்டும் நிலைத்தது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் வினா.

சீனாவின் சாவ்சோவ் பகுதியில் பிறந்த டான் இயோக் நீ (1827–1902), துணி விற்பவராக வாழ்வைத் தொடங்கியவர். ஜொகூர் ஆட்சியாளர் அபு பக்காரின் நட்பால் ஆற்றங்கரைகளில் மிளகும் கேம்பியரும் பயிரிடும் உரிமைகளைப் பெற்றுப் பெருஞ்செல்வரானார்.

மனையின் அமைப்பு தென்சீன மரபைச் சார்ந்தது. வாயில், முற்றம், கூடம் என்பன ஒரே நடு அச்சில் அமைய, இருபுறமும் பக்கக் கட்டுகள் நீள்கின்றன. வாயிலிலிருந்து உள்ளே செல்லச் செல்லப் பொதுவிடம் குறைந்து குடும்பத்திற்கே உரிய இடம் மிகும். கருங்கல் தூண்கள், செதுக்கு வேலைப்பாடு மிக்க மர உத்தரங்கள், பீங்கான் துண்டுகளால் அணி செய்யப்பட்ட கூரை முகடுகள் ஆகியவை செல்வத்தைப் பறைசாற்றினாலும், மனையின் இலக்கணம் நடு அச்சில்தான் உள்ளது. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என நேர்கோட்டில் செல்லும் செட்டிநாட்டு வீட்டை அறிந்தோர்க்கு இவ்வொழுங்கு புதிதன்று. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. இம்மாளிகைக்கு அருகே, டேங்க் சாலையில், நகரத்தார் 1859இல் தெண்டாயுதபாணி கோயிலை எழுப்பினர். தம் பெருவீடுகளையோ ஊரிலேயே கட்டினர். டான் இயோக் நீ தம் மூதாதையர் மண்டபத்தைப் பிறந்த மண்ணிலும் மாளிகையை அயல்மண்ணிலும் அமைத்தார்.

அம்மாளிகையில் குடும்பம் நெடுங்காலம் வாழவில்லை. உரிமையாளர் தாயகம் திரும்பி அங்கேயே மறைந்தார். 1903இல் டேங்க் சாலை இருப்புப்பாதை நிலையம் செயற்படத் தொடங்கியபோது, மனை நிலைய அதிகாரியின் உறைவிடமாயிற்று. பின்னர் யுரேசியச் சிறுமியர்க்கான இல்லமும் பள்ளியும் அதில் இயங்கின. 1938இல் இரட்சணிய சேனை அங்குக் குடியேறியது. போர்க்கால இடையீடு நீங்கலாக 1991 வரை அதன் தலைமையகம் அங்கேயே இருந்தது.

பயன்பாட்டு மாற்றமே காப்பு எனக் கூறிவிட இயலாது. வீ ஆ ஹூட் கட்டிய பெருமனையும் சீன வணிகச் சங்கத்தின் அலுவலகமாயிற்று. எனினும் புதிய கட்டடத்திற்காக அது 1961இல் இடிக்கப்பட்டது. சொந்தச் சமூகத்தார் கையிலிருந்தது அழிந்தது. பிறர் கையிலிருந்தது பிழைத்தது. வளர்ந்துவந்த அமைப்புக்குப் பெரிய கட்டடம் தேவைப்பட்டது. இரட்சணிய சேனைக்கோ இருந்த கூடங்களே போதுமாயின என்று கருதலாம். நினைவுச்சின்னப் பாதுகாப்பு வாரியம் தோன்றிய 1971 வரை ஒரு மனையைக் காத்தது இத்தகைய தேவையின்மையே.

1999–2000இல் மாளிகை புதுப்பிக்கப்பட்டு, சிகாகோ பல்கலைக்கழக வணிகப் பள்ளியின் வளாகமாக 2015 வரை விளங்கியது. குடும்பத்தின் படிநிலையைக் காட்டிய நடு அச்சு அப்போதும் மாறவில்லை. அதன் வழியே நடந்தவர்கள் மேலாண்மை பயின்ற மாணவர்கள்.