மாடிப்படி விளக்கு: சுவிட்சுக்குப் பின்னால் என்ன இருக்கு?

ராத்திரி மாடி ஏறும்போது கீழே லைட்டைப் போட்டு, மேலே போய் அணைக்கிறீர்களா? அது டூவே சுவிட்சின் வேலை.

சாதாரண சுவிட்சில் இரண்டு முனைகள். டூவே சுவிட்சில் மூன்று. கீழ் சுவிட்சின் பொது முனைக்கு ஃபேஸ் வயர் வரும். மற்ற இரு முனைகளிலிருந்து இரண்டு வயர்கள் மேல் சுவிட்சுக்குப் போகும். மேல் சுவிட்சின் பொது முனையிலிருந்து ஒரு வயர் விளக்குக்கு. நியூட்ரல் நேராக விளக்குக்கே போக வேண்டும்.

நடு மாடியிலும் சுவிட்ச் வேணுமா? அந்த இரண்டு வயர்களுக்கு இடையில் நான்கு முனை கொண்ட இன்டர்மீடியட் சுவிட்சைப் பொருத்தலாம்.

சிலர் வயரை மிச்சம் பிடிக்க, ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் இரு சுவிட்சுகளுக்குமே கொண்டு போய்விடுவார்கள். லைட்டு ஒழுங்காகத்தான் எரியும், அணையும். ஆனால் அணைந்த பிறகும் ஹோல்டரில் 230 வோல்ட் இருக்கலாம். பல்பு மாற்றக் கை வைத்தால் ஷாக் அடிக்கும்.

எனவே இந்த வேலையைத் தகுதிச் சான்று பெற்ற மின் கம்பியாளரிடமே கொடுங்கள். முடிந்ததும், கீழே ஒருமுறை, மேலே ஒருமுறை என மாற்றி மாற்றி லைட்டை அணைத்து, ஹோல்டரின் இரு முனைகளையும் டெஸ்டரால் பார்க்கச் சொல்லுங்கள். எதிலும் டெஸ்டர் எரியக் கூடாது.

டூவே சுவிட்சைப் பார்த்து ஆனா, ஆஃபா என்று சொல்ல முடியாது. பல்பு மாற்றும் முன் மெயினை அணைத்துவிடுங்கள்.