தோட்ட வீட்டுக்கு வெயில், காற்று மின்சாரம்: கணக்குப் பார்த்து வாங்குங்கள்

2018 நவம்பரில் கஜா புயல் வீசியபோது டெல்டா கிராமங்கள் பல, நாள்கணக்கில் இருளில் கிடந்தன. இத்தகைய சமயங்களில் கைகொடுக்க, சோலார் பேனலும் சிறு காற்றாலையும் சேர்ந்த அமைப்பைத் தோட்ட வீட்டில் வைக்கலாம். ஆனால் பணத்தைப் போடுமுன் சில கணக்குகளைப் பார்ப்பது அவசியம்.

தேவை எவ்வளவு?

5 குதிரைசக்தி மோட்டாருக்கு 3,700 வாட்டுக்கு மேல் வேண்டும். சிறிய அமைப்பு இதைத் தாங்காது. விளக்கு, மின்விசிறி, செல்போனுக்கு மட்டுமே திட்டமிட வேண்டும்.

9 வாட் எல்.இ.டி. பல்பு நான்கு, தினம் 5 மணி நேரம் எரிந்தால் 180 வாட்-மணி. 30 வாட் பி.எல்.டி.சி. மின்விசிறி இரண்டு, 8 மணி நேரம் ஓடினால் 480. செல்போன், ரேடியோவுக்கு 40. ஆக மொத்தம் 700. வீணாவதையும் சேர்த்து நாளுக்கு 1 யூனிட் என்று கொள்ளலாம். பழைய 75 வாட் மின்விசிறிகளானால் அவற்றுக்கு மட்டுமே 1,200 வாட்-மணி ஆகிவிடும். எனவே மின்விசிறியை மாற்றுவதே முதல் வேலை.

பேனலும் பாட்டரியும்

நல்ல வெயிலில் 1,000 வாட் பேனல் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். அடைமழை நாளில் இதில் பாதிகூட வராது. ஆகவே 330 வாட் பேனல் இரண்டு வைப்பது நல்லது. நிழல் படாத இடத்தில், தெற்கு நோக்கிச் சற்றுச் சாய்வாகப் பொருத்த வேண்டும்.

12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பாட்டரியில் 1,800 வாட்-மணி இருக்கும். ஈய-அமில பாட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும். எனவே ஒரு பாட்டரி ஏறக்குறைய ஒரு நாளைக்குத்தான் வரும். இரண்டை இணைத்து 24 வோல்ட்டாக வைத்தால் இரண்டு நாள் சமாளிக்கலாம்.

காற்றாலை யாருக்கு?

காற்றின் வேகம் இரு மடங்கானால் சக்தி 8 மடங்காகும். 2 மீட்டர் விட்டமுள்ள காற்றாலை, வினாடிக்கு 4 மீட்டர் வேகக் காற்றில் சுமார் 30 வாட்தான் தரும். 8 மீட்டர் வேகத்தில் 240 வாட் வரை தரும்.

ஆரல்வாய்மொழி, கயத்தாறு, பல்லடம், உடுமலை, கம்பம் போன்ற கணவாய்க் காற்றுப் பகுதிகளில் வைகாசி முதல் ஆவணி வரை காற்று பலமாக இருக்கும். மேகத்தால் குறையும் வெயிலை அங்கே காற்று ஈடுசெய்யும். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் வெயிலும் குறைவு. காற்றையும் நம்ப முடியாது. புயலின்போது காற்றாலையை நிறுத்தியே ஆகவேண்டும். எனவே டெல்டா விவசாயிகள் காற்றாலைக்கு ஆகும் பணத்தைப் பேனலுக்கும் பாட்டரிக்கும் செலவிடுவதே லாபம்.

கவனிக்க வேண்டியவை

* காற்றாலை, சுற்றிலும் 300 அடிக்குள் உள்ள மரங்களைவிட 30 அடி உயரத்தில் சுழல வேண்டும். தென்னந்தோப்புக்கு நடுவே பயன்படாது. வீட்டுச் சுவரில் பொருத்தினால் அதிர்வு உண்டாகும்.
* புயலுக்கு முன் படுக்க வைக்கக்கூடிய கம்பமே ஏற்றது.
* பாட்டரி நிரம்பியபின் காற்றாலை மின்சாரத்தை வேறு சுமைக்குத் திருப்பும் கட்டுப்பாட்டுக் கருவி தேவை.
* இன்வெர்ட்டர் மின்சாரம் ஊர் லயனுக்குள் போகாதபடி சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வைக்கவும். லயன்மேன் உயிர் அதில் இருக்கிறது.
* எர்த், இடிதாங்கி இரண்டும் அவசியம்.

காற்றுப் பகுதியிலுள்ளவர்களும் முதலில் பேனலையும் பாட்டரியையும் அமைத்து ஓராண்டு பார்க்கலாம். ஆனி, ஆடியில் பாட்டரி நிரம்பாவிட்டால், அப்போது காற்றாலையைச் சேர்த்துக்கொள்ளலாம்.