எட்டாத மூலைக்கு எட்டும் கை

கல்லீரலில் கத்தி வைக்க அறுவை மருத்துவர்கள் நெடுங்காலம் அஞ்சியதற்குக் காரணம் ரத்தம். நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் ரத்தம் அதன் வழியே ஓடுகிறது. 1908-இல் கிளாஸ்கோ மருத்துவர் ஹோகார்த் பிரிங்கிள், ரத்தம் உள்ளே வரும் பாதையைச் சற்று நேரம் இறுக்கிப் பிடித்துக் கசிவை அடக்கும் உத்தியை எழுதினார். 1957-இல் பிரான்சின் குயினோ, ரத்தக்குழாய்க் கிளைகளைப் பின்பற்றிக் கல்லீரலை எட்டுப் பகுதிகளாகப் பிரித்துக் காட்டினார். புற்றுக்கட்டியை வெட்டியெடுக்கும் மருத்துவர் இன்றும் இந்த இருவருக்கும் கடன்பட்டவர்.

எட்டில் ஏழாம், எட்டாம் பகுதிகள் பொல்லாதவை. விலா எலும்புக்குள், உதரவிதானத்தை ஒட்டிப் பதுங்கியிருக்கும், பக்கத்திலேயே கீழ்ப்பெருஞ்சிரை. சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோபியின் நேரான கம்பிக் கருவிகளை அங்கே வளைத்துத் திருப்புவது பெரும்பாடு. வயிற்றைத் திறந்தாலோ நீண்ட காயம். அறுவைக்கு உதவும் ரோபோவின் அருமை இங்கேதான் தெரிகிறது.

ரோபோ தானாக எதையும் அறுப்பதில்லை. 2000-இல் அமெரிக்க அரசின் அனுமதி பெற்ற டாவின்சி கருவியில், மருத்துவர் சில அடி தள்ளி கன்சோலில் அமர்ந்து, பெரிதாக்கப்பட்ட முப்பரிமாணக் காட்சியைப் பார்த்தபடி விரல்களை அசைக்கிறார். வயிற்றுக்குள் 8 மில்லிமீட்டர் தடிமனுள்ள கருவியின் நுனி, மணிக்கட்டுப் போல மடங்கிச் சுழன்று அதையே செய்கிறது. கைநடுக்கம் வடிகட்டப்படுகிறது. சிரையில் சிறு கிழிசல் விழுந்தால், அந்த இடுக்கிலேயே நுண்ணிய நூலால் தைத்துவிட முடிகிறது. ரோபோவின் ஆகப்பெரிய பயனாக நான் கருதுவது இதைத்தான்.

இன்னொரு அழகான உத்தியும் உண்டு. கட்டியுள்ள பகுதிக்குச் செல்லும் போர்ட்டல் சிரைக் கிளையை முதலில் அடைத்துவிட்டு, இன்டோசயனின் கிரீன் என்ற சாயத்தை ரத்தத்தில் செலுத்துகிறார்கள். அகச்சிவப்பைக் காணும் கேமராவில் மற்ற ஈரலெல்லாம் பச்சையாக ஒளிர, எடுக்க வேண்டிய பகுதி மட்டும் இருண்டிருக்கும். அந்த எல்லையை ஒட்டியே, நல்ல திசுவை வீணாக்காமல் வெட்டலாம். ஹெபடைடிஸ் கிருமியாலோ மதுவாலோ ஏற்கெனவே சுருங்கித் தழும்பேறிய ஈரலில்தான் பெரும்பாலும் புற்று வருகிறது. அப்படிப்பட்ட ஈரல் உள்ளவருக்கு நல்ல திசு கொஞ்சம் மிஞ்சுவதும் உயிர்க்காப்பு.

குறைகளும் இருக்கின்றன. செலவு அதிகம். பழைய மாடல்களில் தொடு உணர்வு கிடையாது. திசு எவ்வளவு இழுபடுகிறது என்பதைக் கண்ணால்தான் கணிக்க வேண்டும். காயம் சிறிதாவதால் நோயாளி விரைவில் எழுந்து நடமாடுகிறார். ஆனால் புற்று மறுபடி வருவதை மற்ற முறைகளைவிட ரோபோ நன்றாகத் தடுக்கிறது என்று நிறுவப்படவில்லை. ரத்தப்போக்கு கைமீறினால் ரோபோவின் கைகளை விலக்கி வயிற்றைத் திறந்தாக வேண்டும். அதற்காகவும் இன்னொரு மருத்துவர், கையுறை அணிந்து, அறுவை முடியும்வரை நோயாளியின் பக்கத்திலேயே நிற்கிறார்.