பிரம்படிக்கு முன் ஒரு மருத்துவச் சான்று

இந்தியாவின் 1894ஆம் ஆண்டுச் சிறைச் சட்டப்படி, பிரம்படி விதிக்கப்பட்ட கைதியை மருத்துவ அதிகாரி முதலில் பரிசோதிக்க வேண்டியிருந்தது. உடல் தாங்கும் என்று அவர் தண்டனைப் பதிவேட்டில் சான்றளித்த பிறகே அடி விழுந்தது. உச்சவரம்பு 30 அடி; அதைத் தவணையாகப் பிரித்து அடிக்கத் தடை இருந்தது. சிறைக் கண்காணிப்பாளரும், மருத்துவ அதிகாரியோ அவருடைய உதவியாளரோ உடன் நிற்க வேண்டியிருந்தது. பெண்களுக்குப் பிரம்படி விதிக்க அந்தச் சட்டம் அனுமதிக்கவில்லை. உயிர் காக்கப் படித்தவரின் கையெழுத்தே அடிக்கு அனுமதியானது பெருங்கொடுமை.

உழைக்கும் கைதிகளின் எடையைப் பதினைந்து நாளுக்கொரு முறை பதியவும், உடல் நலிந்தால் வேலையை மாற்றவும் அதே சட்டம் சொன்னது. அந்தச் சட்டம் நடப்பிலிருந்தபோதுதான், தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சுதேசிக் கப்பல் விட்ட வ.உ.சிதம்பரனார், 1908இல் தண்டனை பெற்று, கோவைச் சிறையில் மாட்டைப் போலச் செக்கிழுத்தார். 1912இல் விடுதலையானார்.

சிறைக்குள் விதித்த பிரம்படி வேறு; நீதிமன்றங்கள் கசையடி விதிக்கும் முறையை இந்தியா 1955இல் ஒழித்தது.