டீக்கடைப் பேச்சும் வயல் முடிவும்

அடுத்த போகத்துக்கு எந்த நெல்லை விதைப்பது, மேலுரமாக எவ்வளவு யூரியா இடுவது, புகையானுக்கு எந்த மருந்தைத் தெளிப்பது ஆகியவை பெரும்பாலும் வயலில் முடிவாவதில்லை. டீக்கடைப் பெஞ்சிலும், பால் சங்க வாசலிலும், கோயில் திண்ணையிலும், உரக்கடை முன்பும் நடக்கும் பேச்சில் முடிவாகின்றன. அண்மைக் காலத்தில் கைப்பேசியின் வாட்ஸ்அப் குழுவும் இவற்றோடு சேர்ந்துள்ளது. பேசுவதற்குச் செலவில்லை. ஆனால் பேச்சில் ஒரு விவரம் விடுபட்டால் ஒரு போக மகசூலே கைவிட்டுப் போகலாம். எனவே ஊர்ப்பேச்சைச் சாகுபடிக்குப் பயன்படும்படி நடத்துவது எப்படி என்பதைச் சிறு விவசாயிகள் அறிந்துகொள்ள வேண்டும்.

மாறிவரும் செவ்வாப்பேட்டை

செவ்வாப்பேட்டை, சென்னை–அரக்கோணம் ரயில் பாதையில் திருவள்ளூருக்கு முன்னால் உள்ள ஊர். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டங்களிலும் நெல் விளையும் மாவட்டம் இது. ஏரிப் பாசனம் நடந்த ஊர்களில் மதகடியில் முறைத் தண்ணீருக்குக் காத்திருக்கும்போதே பாதி விவசாயப் பேச்சு முடிந்துவிடும். அடுத்தவர் பயிரைப் பார்த்துக்கொண்டே பேசுவதால், சொல்வது சரியா தவறா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

இன்று இம்மாவட்டத்தில் பல குடும்பங்களில் ஒருவர் பயிரைப் பார்க்க, மற்றொருவர் தொழிற்சாலை வேலைக்கோ சென்னைக்கோ ரயிலேறுகிறார். ஆழ்குழாய்க் கிணறு வந்தபின் மதகடிக் காத்திருப்பும் குறைந்தது. நிலங்கள் மனைகளாக மாறிய இடங்களில் அடுத்த வயல்காரரே இல்லை. பேச்சு நிற்கவில்லை, பயிருக்கு அருகில் நடந்த பேச்சு, பயிர் கண்ணில் படாத இடத்துக்கு நகர்ந்துவிட்டது. கவனிக்க வேண்டிய மாற்றம் இதுவே.

அக்கம் பக்கத்தாரின் சொல்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வீரிய ஒட்டு மக்காச்சோளம் பரவிய விதத்தை ரையன், கிராஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 259 விவசாயிகளிடம் கேட்டறிந்து 1943-இல் வெளியிட்டனர். புதிய விதையைப் பற்றிப் பெரும்பாலோர் முதலில் கேள்விப்பட்டது விதை விற்பனையாளரிடம். ஆனால் அதை விதைக்கலாம் என்ற நம்பிக்கையைத் தந்ததில் பக்கத்து விவசாயிகளுக்கே முதலிடம். முதலில் விதைத்தவர்களும் நிலம் முழுவதிலும் விதைத்துவிடவில்லை. ஒரு பகுதியில் மட்டும் விதைத்துப் பார்த்தார்கள்.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. 1960-களின் பிற்பகுதியில் தஞ்சை மாவட்டத்தில் குறுவைக்கு ஏற்ற ஏ.டி.டி. 27 நெல்லைப் பற்றித் திருச்சி வானொலி தொடர்ந்து எடுத்துரைத்தது. அதனால் உழவர்கள் அதை "ரேடியோ நெல்" என்றே அழைத்தனர்.

வானொலியைக் கேட்டால் மட்டும் போதுமா? 1956-இல் அகில இந்திய வானொலி, யுனெஸ்கோவின் உதவியுடன் மராட்டியப் பகுதியின் ஐந்து மாவட்டங்களில் 150 கிராமங்களில் ஒரு சோதனை நடத்தியது. ஒவ்வொரு கிராமத்திலும் குழு அமைத்து, நிகழ்ச்சியைச் சேர்ந்து கேட்டு, கேட்டதை உடனே விவாதிக்கச் செய்தனர். வானொலிப் பெட்டி மட்டும் இருந்து குழு இல்லாத ஊர்களைவிட, குழு இருந்த ஊர்களில் மக்கள் மிக அதிகமாகத் தெரிந்துகொண்டது புலனாயிற்று. செய்தி எந்த வழியில் வந்தாலும், கூடிப் பேசினால்தான் அது மனத்தில் நிற்கும் என்பது இதிலிருந்து தெரிகிறது.

டீக்கடையில் விடுபடுவது

"எனக்கு இந்த மருந்தில் புகையான் அடங்கிவிட்டது" என்று ஒருவர் டீக்கடையில் சொல்வதாக வைத்துக்கொள்வோம். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவர் வயலில் தண்ணீரை வடித்தாரா, யூரியாவை நிறுத்தினாரா, பயிரின் அடித்தண்டில் படும்படி தெளித்தாரா என்பவை அந்தப் பேச்சில் வருவதில்லை. மருந்தின் பெயர் மட்டும் ஊரைச் சுற்றுகிறது.

புகையான் விஷயத்தில் இது பெரும் நஷ்டத்தைத் தரும். செயற்கை பைரித்திராய்டு வகை மருந்துகளைத் தெளித்தால் புகையானைத் தின்னும் சிலந்திகளும் பிற நன்மை செய்யும் பூச்சிகளும் அழிந்து, புகையான் முன்னிலும் அதிகமாகப் பெருகும். மருந்து தேவையா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். சிலந்தி இல்லாத வயலில் கிளைப்பு ஒன்றுக்கு 1 பூச்சியும், குத்துக்கு 1 சிலந்தி உள்ள வயலில் கிளைப்பு ஒன்றுக்கு 2 பூச்சிகளும் தென்பட்டால்தான் மருந்து தேவைப்படும். அந்தக் கணக்கைப் பெஞ்சில் உட்கார்ந்து எடுக்க முடியாது. வயலில் இறங்கி, பயிரை விலக்கி, அடித்தண்டைப் பார்த்தே எடுக்க வேண்டும்.

கைப்பேசியில் வரும் யோசனை

கைப்பேசிக் குழுவால் நன்மைகள் உண்டு. மழை எச்சரிக்கை, நேரடி கொள்முதல் நிலையச் செய்தி, சந்தை விலை, வாடகை இயந்திரம் போன்றவை ஒரு நொடியில் எல்லோருக்கும் போய்ச் சேரும். வேலைக்குப் போன மகனும் வீட்டுப் பயிர் நிலவரத்தை அறியலாம்.

நோய்க்கு மருந்து கேட்பதில்தான் எச்சரிக்கை வேண்டும். மஞ்சளான நெல் இலையின் படம் ஒன்றைக் குழுவில் போட்டால் "யூரியா போடுங்கள்" என்று பதில் வரும். மஞ்சள் நிறத்துக்குத் தழைச்சத்துக் குறை ஒரு காரணம். துத்தநாகக் குறை, தண்ணீர் வடியாமல் வேர் கெடுதல், பச்சைத் தத்துப்பூச்சி பரப்பும் துங்ரோ நோய் ஆகியவையும் காரணமாகலாம். துங்ரோ நோய் கண்ட பயிரை யூரியா குணப்படுத்தாது. துத்தநாகக் குறைக்குத் துத்தநாக சல்பேட் வேண்டும். ஓர் இலையின் படத்தை மட்டும் வைத்து இவற்றைப் பிரித்தறிவது கடினம்.

தேதி இல்லாத செய்திகளையும் நம்பக்கூடாது. எண்டோசல்பான் மருந்துக்கு உச்ச நீதிமன்றம் 2011-இல் தடை விதித்தது. அதற்கு முன் எழுதப்பட்ட சிபாரிசு யாராவது அனுப்பினால் புதியதுபோல் கைக்கு வந்து சேரும்.

வாரம் ஒரு நாள் வரப்பில்

இந்தோனேசியாவில் 1989-இல் தொடங்கிய உழவர் வயல்வெளிப் பள்ளி முறை இதற்கு நல்ல வழிகாட்டி. சுமார் 25 விவசாயிகள் ஒரு போகம் முழுவதும் வாரந்தோறும் ஒரே வயலில் கூடி, பயிரைப் பார்த்து, கணக்கெடுத்து, பேசி முடிவெடுக்கும் முறை அது. இதைச் சிறு அளவில் எந்த ஊரிலும் செய்யலாம்.

1. பத்துப் பதினைந்து பேர் சேர்ந்தால் போதும். வேலைக்குப் போகிறவர்களுக்கு ஞாயிறு காலை ஏற்றது.

2. நாற்று நட்டுக் களை எடுக்கும் பெண்களைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். குத்துக் குத்தாகக் குனிந்து பார்க்கும் அவர்கள் கண்ணில்தான் பூச்சியும் நோயும் முதலில் படும்.

3. வயலின் நான்கு மூலைகளிலும் நடுவிலும் சில குத்துகளைப் பார்த்துப் பூச்சி, சிலந்தி, நோய், தண்ணீர் நிலை ஆகியவற்றை நோட்டில் தேதியுடன் குறிக்க வேண்டும்.

4. யார் எந்த யோசனை சொன்னாலும் ஐந்து கேள்விகள் கேட்க வேண்டும்: எந்த ரகம்? எந்தப் பட்டம்? நட்டு எத்தனை நாள்? என்ன நிலம், என்ன தண்ணீர்? எவ்வளவு அளவு, எத்தனை முறை?

5. புதிய ரகத்தையோ புதிய முறையையோ முதலில் 5 சென்ட் நிலத்தில் மட்டும் செய்து பார்க்க வேண்டும். பக்கத்திலேயே வழக்கமான முறையிலும் 5 சென்ட் வைத்து, இரண்டையும் தனித்தனியே அறுத்து எடை போட வேண்டும்.

6. நஷ்டப்பட்டவர் தயங்காமல் சொல்லும்படி குழு நடக்க வேண்டும். வெற்றியை எல்லோரும் சொல்வார்கள். பலிக்காததைச் சொல்பவரால்தான் மற்றவர் பணம் மிஞ்சும்.

சந்தேகம் தீர

குழுவில் தீராத சந்தேகத்தை உதவி வேளாண்மை அலுவலரிடம் கேட்கலாம். கிசான் அழைப்பு மையத்தின் 1800-180-1551 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். பாதித்த பயிரைப் படமாக அனுப்புவதைவிட, வேரோடு பிடுங்கி எடுத்துச் சென்று காட்டுவது மேல்.

செவ்வாப்பேட்டைப் பகுதி விவசாயிகளுக்கு ஒரு வசதி உண்டு. அருகில் திரூரில் 1942-இல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையமும், வேளாண் அறிவியல் நிலையமும் உள்ளன. திரூர்க்குப்பம் என்ற பெயரின் சுருக்கமே டி.கே.எம். அங்கு உருவாகி 1952-இல் வெளிவந்த டி.கே.எம். 6, தண்டுத் துளைப்பானைத் தாங்கும் குணம் கொண்டது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் அதைப் பெற்றோர்களுள் ஒன்றாகக் கொண்டு ஐ.ஆர். 20 ரகத்தை உருவாக்கியது. கடல் கடந்தும் பயன்பட்ட அறிவு இங்கே கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

வரும் பட்டத்தில் நாற்று விடும் முன்பே குழு அமைத்து, ஒரு நோட்டும் ஒரு கிழமையும் குறித்துக்கொள்வது நல்லது. டீக்கடையில் கேட்டதை வரப்பில் சரிபார்த்துச் செய்தால் வீண் மருந்துச் செலவு குறையும், மகசூலும் காக்கப்படும்.