உங்கள் வீட்டு ரவுட்டருக்கு இரண்டு கடவுச்சொற்கள்

றொசல்ல ரயில் நிலையத்திலிருந்து வீடுகள் இருக்கும் பக்கமாக நடந்துகொண்டே கைத்தொலைபேசியில் வைஃபை பட்டியலைத் திறந்து பாருங்கள். அதில் வரும் பெயர்களில் பல, கம்பனி பெட்டியில் அடித்து அனுப்பிய அதே பெயர்கள்தான். முதலில் கம்பனியின் பெயர், அதன் பின்னால் நாலைந்து எழுத்துகள். பெயரையே மாற்றாத வீட்டில் கடவுச்சொல்லை மட்டும் மாற்றியிருப்பார்கள் என்று நம்புவது கடினம்.

புதிதாக ரவுட்டர் வாங்கியவர்கள் அதைப் பொருத்தித் தரச் சொல்லி என்னைக் கூப்பிடுவதுண்டு. "பாஸ்வேர்ட் மாத்தினீங்களா?" என்று கேட்டால், சிலர் "மாத்தியாச்சு" என்பார்கள், சிலர் "இனித்தான் மாத்தணும்" என்பார்கள். "எந்தப் பாஸ்வேர்ட்?" என்று இதுவரை ஒருவரும் திருப்பிக் கேட்டதில்லை. ரவுட்டருக்கு இரண்டு கடவுச்சொற்கள் இருக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

வாசல் திறப்பும் அலுமாரித் திறப்பும்

முதலாவது, வைஃபை கடவுச்சொல். வீட்டுக்கு வரும் மச்சான் கேட்டதும் நாம் சொல்லிக் கொடுப்பது இதைத்தான். இது வாசல் கதவின் திறப்பு போன்றது. இதை அறிந்தவர் உங்கள் இணையத்தைப் பாவிக்கலாம்.

இரண்டாவது, ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல். ரவுட்டருக்குள் ஒரு அமைப்புப் பக்கம் இருக்கிறது. வைஃபை பெயர், கடவுச்சொல், யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்ற பட்டியல் எல்லாம் அங்கேதான். இது வீட்டுப் பத்திரம் வைத்திருக்கும் அலுமாரியின் திறப்பு. பல ரவுட்டர்களில் இதற்குத் தொழிற்சாலையில் வைத்த பெயரும் 'அட்மின்', கடவுச்சொல்லும் 'அட்மின்'. இதைக் கண்டுபிடிக்கத் திருடன் தேவையில்லை. வைஃபை கிடைத்த பதினைந்து வயதுப் பிள்ளையே ஐந்து நிமிடத்தில் உள்ளே போய்விடும்.

உள்ளே போனால் என்ன செய்யலாம்? 2011இல் பிரேசிலில் நடந்ததைப் பாருங்கள். மோடங்களின் மென்பொருளில் இருந்த ஓர் ஓட்டை வழியாகத் திருடர்கள் அமைப்புப் பக்கத்துக்குள் நுழைந்தார்கள். இணையத்தளத்தின் பெயரை அதன் இலக்க முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் என்ற ஒழுங்கை மாற்றினார்கள். வங்கியின் முகவரியைச் சரியாக எழுதியவர்கள்கூட திருடனின் போலிப் பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அப்படிப் பாதிக்கப்பட்ட மோடங்கள் ஏறத்தாழ 45 இலட்சம். கணினியிலோ தொலைபேசியிலோ எந்தக் குறையும் இருக்கவில்லை. குறை முழுவதும் மூலையில் மின்னிக்கொண்டிருந்த பெட்டியில்தான் இருந்தது.

2016இல் மிராய் என்ற தீங்கு நிரல் இதைவிட எளிய வழியில் போனது. தொழிற்சாலையில் வைத்த அறுபதுக்கும் மேற்பட்ட பெயர், கடவுச்சொல் சோடிகளை மட்டும் வைத்துக்கொண்டு உலகம் முழுவதும் கெமராக்களையும் ரவுட்டர்களையும் தட்டிப் பார்த்தது. திறந்தவற்றை எல்லாம் தன் படையில் சேர்த்தது. அந்த ஒக்டோபர் 21ஆம் திகதி, அத்தகைய கருவிகளைக் கொண்டு டைன் என்ற நிறுவனத்தின் மீது நடத்திய தாக்குதலில் டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் அமெரிக்காவில் பல மணி நேரம் முடங்கின. தங்கள் கருவி அதில் பங்குகொண்டது அவற்றின் சொந்தக்காரர்கள் பலருக்குத் தெரியவே தெரியாது. எல்லாக் கருவிக்கும் ஒரே கடவுச்சொல்லை வைத்து விற்பதைத் தடுக்கும் சட்டம் கலிபோர்னியாவில் 2020 ஜனவரியிலும் பிரித்தானியாவில் 2024 ஏப்ரலிலும் நடைமுறைக்கு வந்தது. நம் வீடுகளில் இருப்பவற்றில் பல அதற்கு முந்திய பெட்டிகள்.

இணைப்பு உங்கள் பெயரில்

டேட்டா போனால் காசுதான் போகும். மாதம் முடிவதற்குள் பெக்கேஜ் தீர்ந்துவிட்டதென்றால் மீண்டும் போட்டுக்கொள்ளலாம். அதைவிடப் பெரிய விடயம் ஒன்று உண்டு. இணைப்பு எடுக்கும்போது நாம் தேசிய அடையாள அட்டையைக் கொடுக்கிறோம். உங்கள் வைஃபை வழியாக யார் எதை எழுதினாலும், அது வெளியே போவது உங்கள் இணைப்பின் முகவரியோடுதான். அந்த முகவரியைப் பிடித்துக்கொண்டு வரும் விசாரணை முதலில் நிற்பது உங்கள் வாசலில்.

இதன் பாரத்தை நமது சமூகத்துக்கு விளக்க வேண்டியதில்லை. 2019 மே மாதம், ஒரு முகநூல் கருத்தைக் காரணமாக்கி சிலாபத்தில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. கருத்தை எழுதியவர் கைதானார். இன்று 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டமும், 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் நடைமுறையில் இருக்கின்றன. எழுதியது நீங்கள் அல்ல என்பதை நீங்கள் நிரூபித்துவிடலாம். ஆனால் அதற்கு எத்தனை நாள், எத்தனை அலைச்சல், வீட்டில் உம்மாவுக்கு எத்தனை இரவு தூக்கமில்லை என்று யோசித்துப் பாருங்கள்.

தோட்டப் பகுதியில் இது இன்னும் நெருக்கமான பிரச்சினை. லயன் வீடுகளில் ஒரு சுவருக்கு இரு பக்கமும் குடும்பங்கள். சரிவில் மேல் வீட்டு சிக்னல் கீழ் வீட்டு முற்றத்தில் நன்றாக எடுக்கும். பாதையில் நிற்பவருக்கும் எடுக்கும். கடைகளிலும் மத்ரஸாக்களிலும் கடவுச்சொல்லைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருப்பதைக் காண்கிறோம். அண்மைக்கால அன்ட்ரொயிட் தொலைபேசிகளில், இணைந்த ஒருவர் கியூஆர் படத்தைக் காட்டியே அடுத்தவரையும் இணைத்துவிடலாம். பெருநாளுக்கு ஒருவருக்குக் கொடுத்தது ஹஜ்ஜுப் பெருநாளுக்குள் ஊர் முழுக்கப் போய்விடும்.

மாற்றுவது எப்படி?

அரை மணித்தியாலம் போதும். பிள்ளைகளுக்கு ஒன்லைன் வகுப்பு இல்லாத நேரமாகப் பாருங்கள்.

1. ரவுட்டரைத் திருப்பி, அடியில் ஒட்டியிருக்கும் லேபலைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அமைப்புப் பக்கத்தின் முகவரி, பெயர், கடவுச்சொல் அதில் இருக்கும். முகவரி பெரும்பாலும் 192.168.1.1, 192.168.0.1, 192.168.8.1 ஆகியவற்றில் ஒன்று.

2. அந்த வைஃபையில் இணைந்தபடி, குரோம் போன்ற உலாவியின் மேலே உள்ள முகவரிக் கட்டத்தில் அந்த இலக்கத்தை எழுதுங்கள். உள்ளே நுழையும் பக்கம் வரும்.

3. முதலில் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். ஆங்கிலப் பட்டியலில் 'சிஸ்டம்', 'மெனேஜ்மென்ட்' அல்லது 'அக்கவுண்ட்' என்ற இடத்தில் இருக்கும். இதை வைஃபை கடவுச்சொல்லாக வைக்க வேண்டாம். வேறொன்றாக இருக்கட்டும்.

4. அடுத்து 'வயர்லெஸ்' அல்லது 'டபிள்யூலான்' பகுதிக்குப் போய் வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். பெயரில் உங்கள் பெயரோ வீட்டு இலக்கமோ வேண்டாம். பாதுகாப்பு வகையாக டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 இருக்க வேண்டும். வெப் என்ற பழைய வகை 2001இலேயே உடைக்கப்பட்டுவிட்டது.

5. டபிள்யூபிஎஸ் என்பதை நிறுத்திவிடுங்கள். அதன் எட்டு இலக்கப் பின் எண்ணை இரண்டு துண்டாகச் சோதிக்கலாம் என்பதால், பழைய ரவுட்டர்களில் 11,000 முயற்சிக்குள் அது அகப்பட்டுவிடும். வெளியிலிருந்து நிர்வகிக்கும் 'ரிமோட் மெனேஜ்மென்ட்' வசதியையும் நிறுத்துங்கள். புதிய மென்பொருள் வந்திருந்தால் ஏற்றிக்கொள்ளுங்கள். பிரேசிலில் நுழைந்தவர்கள் வந்த வழி பழைய மென்பொருள்தான்.

6. சேமித்ததும் எல்லாக் கருவிகளும் துண்டிக்கப்படும். பயப்பட வேண்டாம். தொலைபேசி, தொலைக்காட்சி, கெமரா என்று ஒவ்வொன்றாகப் புதிய கடவுச்சொல்லால் இணையுங்கள். வேறொருவருடைய கருவி இணைந்திருந்திருந்தால், அது வெளியே நின்றுவிடும்.

நிர்வாகக் கடவுச்சொல் மறந்துபோனால், பின்னால் உள்ள சிறிய துளையில் ஊசியால் அழுத்தி ரவுட்டரைப் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். ஆனால் ஃபைபர் இணைப்புப் பெட்டியில் அப்படிச் செய்தால் கம்பனி வைத்த அமைப்புகளும் அழிந்து இணைப்பே நின்றுபோகலாம். அதற்கு முன்னர் பில்லில் உள்ள வாடிக்கையாளர் சேவை இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள்.

எதைக் கடவுச்சொல்லாக வைப்பது?

பலர் வைப்பது தங்கள் கைத்தொலைபேசி இலக்கம். பத்து இலக்கம் நீளமானதுதானே என்று நினைக்கிறோம். ஆனால் நம் நாட்டுக் கைத்தொலைபேசி இலக்கம் எல்லாம் 07 என்று தொடங்குகிறது. மிச்சம் எட்டு இலக்கம், அதாவது பத்துக் கோடி வாய்ப்பு. நீங்கள் இணையும்போது நடக்கும் கைகுலுக்கலைப் பிடித்து வைத்துக்கொண்டவர், வீட்டில் இருந்தபடி நல்ல கேமிங் கணினியில் அத்தனையையும் சில நிமிடங்களில் சோதித்து முடித்துவிடலாம். அடையாள அட்டை இலக்கம், பிள்ளையின் பெயரோடு பிறந்த வருடம் ஆகியவையும் இப்படித்தான்.

ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நாலைந்து சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள். கித்துள், தராசு, மூடுபனி, சப்பாத்து என்பது போல. இது உதாரணம் மட்டுமே, இதையே வைக்க வேண்டாம். 63 எழுத்து வரை வைக்கலாம். நிர்வாகக் கடவுச்சொல்லைக் கொப்பியில் எழுதி அலுமாரியில் வைத்தாலும் பரவாயில்லை. வெளிநாட்டிலிருந்து ஒருவர் உங்கள் அலுமாரியைத் திறக்கப் போவதில்லை.

பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு?

இதையெல்லாம் சொன்னால் சிலர் கேட்பார்கள்: "அப்ப பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கக் கூடாதா?" கொடுங்கள். 2020, 2021இல் பாடசாலைகள் மூடியிருந்தபோது, சிக்னலுக்காகப் பாறையிலும் மரத்திலும் ஏறிய மலைக் கிராமத்துப் பிள்ளைகளை நாம் மறந்துவிட முடியாது. அயலவருக்கு ஒரு கதவைத் திறந்து வைப்பது நமது வழக்கம், அது போகக் கூடாது.

அதற்காகவே பல ரவுட்டர்களில் 'கெஸ்ட்' என்ற விருந்தினர் வைஃபை இருக்கிறது. அதற்குத் தனிப் பெயர், தனிக் கடவுச்சொல். அதில் இணைபவர் இணையத்தைப் பாவிக்கலாம். உங்கள் கெமராவையும் கணினியையும் பார்க்க முடியாதபடி வைக்கலாம். வேண்டியபோது அதை மட்டும் மாற்றலாம். ஆனால் அந்த வழியில் போவதும் உங்கள் பெயரிலேயே போகிறது. ஆகவே அறிந்தவருக்கு மட்டும் கொடுங்கள். வாடகைக்கு இருந்தவர் போனால், கடையில் நின்ற பையன் வேலையை விட்டால், பாவித்த ரவுட்டர் ஒன்றை வாங்கினால் உடனே மாற்றுங்கள்.

பள்ளிவாசல் நிர்வாகங்களும் கடைக்காரர்களும் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். அங்கே இணைபவர் எண்ணிக்கை அதிகம், இணைப்போ ஒருவருடைய பெயரில். ரவுட்டரிலோ கணக்கிலோ யாரோ புகுந்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால் இலங்கை கணினி அவசர தயார்நிலை அணியின் 101 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

உங்கள் வீட்டில் இதைச் செய்யத் தெரிந்த பிள்ளை ஒன்று நிச்சயம் இருக்கும். இன்றிரவே பக்கத்தில் இருத்தி, ரவுட்டரைத் திருப்பி லேபலைப் பார்க்கச் சொல்லுங்கள். முதலில் மாற்ற வேண்டியது இரண்டாவது கடவுச்சொல்லைத்தான்.